ஆம்ஸ்டர்டாமில் விருந்தாளிகளை ‘அந்த இடத்துக்கு’ அழைத்துப் போவது

ஊரிலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களிடம் ஒரே பட்டியல்தான் இருக்கும். டூலிப் தோட்டம், காற்றாலை, கால்வாய்ப் படகு, சீஸ் கடை. இதெல்லாம் சத்தமாகக் கேட்பார்கள். சாப்பாடு முடிந்து தட்டை எடுத்து வைக்கும் நேரத்தில், குரலை இறக்கி இன்னொன்று கேட்பார்கள்: “அந்த ஏரியா இங்கேதானே எங்கேயோ இருக்கு?” ஆண்கள் என் கணவரிடம் கேட்பார்கள், பெண்கள் என்னிடம். பெண்கள் கேட்க மாட்டார்கள் என்று நினைக்கிறீர்களா? என் மாமியாரே கேட்டார். அதுவும் மாமா பக்கத்தில் உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருக்கும்போது.

நாங்கள் இருப்பது ஆம்ஸ்டெல்வேனில். ஆம்ஸ்டர்டாமை ஒட்டிய ஊர், இந்தியக் குடும்பங்கள் நிறைய. இங்கே பலரும் வருகிறவர்களிடம் “நீங்களே போய்ப் பாத்துட்டு வாங்க” என்று மேப்பை அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். நான் கூடவே போய்விடுவேன். வீட்டுப் பெண் ஒருத்தி கூட நடந்தால் ஆண்கள் கூட்டத்தின் நடத்தை பாதி தானாகவே ஒழுங்காகிவிடும். மீதிப் பாதிக்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில், போகலாமா கூடாதா என்ற கேள்வி. டி வாலன் என்ற அந்தச் சிவப்பு விளக்குப் பகுதியைத் தவிர்த்துவிட்டு ஆம்ஸ்டர்டாமின் பழைய நகரத்தைப் பார்க்கவே முடியாது, ஏனென்றால் அதுதான் பழைய நகரம். சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. நடுவில் நிற்கிறது அவுட கெர்க், அதாவது பழைய தேவாலயம். 1306-இல் அபிஷேகம் செய்யப்பட்டது, நகரத்தின் மிகப் பழைய கட்டடம். அதன் சுவரிலிருந்து சில அடி தள்ளி, சதுக்கத்தைச் சுற்றியே கண்ணாடிக் கதவுகள், மேலே சிவப்பு விளக்கு. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்துதான் பெண்கள் வாடிக்கையாளர்களைக் கூப்பிடுவார்கள், ‘ஜன்னல்’ என்று இங்கே சொல்வது அதைத்தான். தேவாலயத்துக்குள்ளே தரை முழுக்கக் கல்லறைக் கற்கள். ஓவியர் ரெம்ப்ராண்டின் மனைவி சாஸ்கியா அங்கேதான் புதைக்கப்பட்டிருக்கிறார். பக்கத்தில் ஒரு குழந்தைகள் காப்பகம்கூட இருக்கிறது. காலையில் சைக்கிளில் பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டு அம்மாக்கள் அந்த வழியாகப் போவார்கள். பாலியல் தொழிலாளர்கள் வேலை செய்கிற இடம், குடும்பங்கள் வாழ்கிற இடம், கோயில், மதுக்கடை எல்லாம் ஒரே சந்துக்குள். ஆகவே போகலாம். எப்படிப் போவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

எங்கள் முதல் விதி நேரம். வெள்ளி, சனி இரவுகளில் நான் யாரையும் கூட்டிப் போவதில்லை. அந்த நேரத்தில் தெருவில் இருப்பது பெரும்பாலும் குடித்த கூட்டம். நீங்கள் எவ்வளவு நாகரிகமாக நடந்தாலும் அந்த நெரிசலில் நீங்களும் ஒரு இடைஞ்சல். வார நாளில் மாலை நான்கு, ஐந்து மணிக்குப் போனால் தெரு அமைதியாக இருக்கும். பகல் ஷிஃப்டுக்காரர்கள் சிலர் இருப்பார்கள், கடைகள் திறந்திருக்கும், கட்டடங்களை நிமிர்ந்து பார்க்க வெளிச்சம் இருக்கும். சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்தே ஆகவேண்டும் என்றால் குளிர்காலத்தில் வரட்டும். டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும்.

இரண்டாவது, ஆள் எண்ணிக்கை. நான்கு பேருக்கு மேல் என்றால் இரண்டாகப் பிரித்துவிடுவோம். ட்ரொம்பெட்டர்ஸ்டேக் என்று ஒரு சந்து இருக்கிறது. எதிரே ஆள் வந்தால் ஒருவர் உடம்பைத் திருப்பித்தான் வழிவிட வேண்டும், அகலம் ஏறத்தாழ ஒரு மீட்டர். அங்கேயும் கண்ணாடிக் கதவுகள் உண்டு. அதற்குள் ஆறேழு பேர் நுழைந்து நின்று பேசினால் வாடிக்கையாளர் எப்படி வருவார்? உள்ளே இருக்கும் பெண் அந்த அறையை ஷிஃப்டுக் கணக்கில் வாடகைக்கு எடுத்திருக்கிறார். இரவு என்றால் வாடகை நூறு யூரோவைத் தாண்டும். அதைச் சம்பாதித்த பிறகுதான் அவருக்கு வருமானம். நாம் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற ஒவ்வொரு நிமிஷமும் அவர் கைக்காசு. என்னைக் கேட்டால் அந்தச் சந்துக்குள் போகவே தேவையில்லை.

நகராட்சியும் இதே முடிவுக்குத்தான் வந்தது. ஒரு காலத்தில் கொடியைத் தூக்கிப் பிடித்த வழிகாட்டியின் பின்னால் முப்பது நாற்பது பேர் ஜன்னல் ஜன்னலாக நின்று கதை கேட்டுக்கொண்டு போவார்கள். 2020 ஏப்ரலிலிருந்து ஜன்னல்களைக் கடந்து போகும் வழிகாட்டிச் சுற்றுலாவுக்குத் தடை. மையப்பகுதியின் மற்ற இடங்களில் ஒரு குழுவுக்கு 15 பேர்தான். பாலியல் தொழிலாளர்களைச் சுற்றுலாக் காட்சியாக நடத்துவதை இந்தக் காலத்தில் ஏற்க முடியாது என்பது நகராட்சி சொன்ன காரணம். அதனால் யாராவது “ஜன்னல் டூர் இருக்கு சார்” என்று தெருவில் கூப்பிட்டால், அது விதிக்குப் புறம்பானது என்று புரிந்துகொள்ளுங்கள்.

மூன்றாவது, எல்லாவற்றையும்விட முக்கியமானது, போன். “படம் எடுக்கக் கூடாது” என்று சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள். ஜன்னல்களிலேயே கேமராவைக் கோடு போட்டு அடித்த ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். பிரச்சினை அதோடு முடிவதில்லை. என் கணவரின் கல்லூரித் தோழர் ஒருவர் அங்கே நெஞ்சு உயரத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நடந்தார். சத்தியமாக மேப்தான் பார்த்தார், நான் பக்கத்தில் இருந்தேன். ஜன்னலுக்குள் இருந்த பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்? அவர் கண்ணுக்கு, கேமரா தன் பக்கம் திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான். மோதிர விரலால் கண்ணாடியில் டக் டக் டக் என்று மூன்று தட்டு. நண்பர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். அந்தப் பெண் இரண்டு விரலால் தன் கண்ணைக் காட்டி, போனைக் காட்டி, விரலை இடமும் வலமும் ஆட்டினார். அப்புறம் திரைச்சீலையைச் சரக்கென்று இழுத்துவிட்டார். பின்னாலேயே வந்துகொண்டிருந்த ஒருவர் திரை மூடியதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். வந்த வாடிக்கையாளர்தானோ என்னவோ.

அன்றிலிருந்து, ஜன்னல் தெருக்களுக்குள் நுழையும் முன் எல்லார் போனும் பைக்குள் போய்விட வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். வழியை ரயில் நிலையத்திலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் ஜன்னல் இல்லாத தெருவுக்கு வந்து பாருங்கள். வீடியோ காலில் ஊருக்குக் காட்டுவது, பாலத்தில் நின்று ‘கால்வாயைத்தானே எடுக்கிறேன்’ என்று அகலமாக ஒரு படம் எடுப்பது, கூலிங் கிளாஸில் கேமரா, எல்லாமே படம்தான். செல்ஃபி எடுப்பவரின் முகத்துக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? இந்த நாட்டில் தொழில் சட்டப்படி சரி. ஆனால் சட்டம் ஒத்துக்கொண்டதாலேயே உறவினர்களும் ஒத்துக்கொண்டதாக ஆகிவிடாது. இங்கே வேலை செய்பவர்களில் பலர் வேறு நாடுகளிலிருந்து வந்தவர்கள். ஊரில் அம்மாவுக்கு ஒரு கதை, பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் இன்னொரு கதை சொல்லி வைத்திருப்பார்கள். நம் ஆள் ஒருவர் தமாஷுக்கு வாட்ஸாப் ஸ்டேட்டஸில் போட்ட படம் எங்கே சுற்றி யார் கையில் போய் நிற்கும் என்று யாரால் சொல்ல முடியும்?

படம் எடுப்பவர்களின் தொல்லை இளவரசியையே விட்டு வைக்கவில்லை. அந்தத் தெருக்களில் பல பத்தாண்டுகள் சேவை செய்த சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவச் சேவை அமைப்பின் அதிகாரி அலிடா பாஸ்ஹார்ட், 1965-இல் அப்போதைய இளவரசி பீட்ரிக்ஸை மாறுவேடத்தில் அங்கே அழைத்துப் போனார். வேலை எப்படி நடக்கிறது என்று இளவரசி நேரில் பார்க்க விரும்பினாராம். தலையில் முக்காடு, கண்ணில் கண்ணாடி. ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரர் அடையாளம் கண்டு எடுத்துவிட்டார். நாடு முழுக்கப் பேச்சு. பாஸ்ஹார்ட் 2007-இல் காலமானார். கால்வாயோரம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அவருடைய வெண்கலச் சிலை இருக்கிறது. அவரோடு தாராளமாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஜன்னல்கள் பின்னணியில் வராமல் பார்த்துக்கொண்டு.

இன்னொரு பெண்ணோடும் படம் எடுக்கலாம். பழைய தேவாலயத்தின் எதிரே, வாசற்படியில் இடுப்பில் கைவைத்து நிமிர்ந்து நிற்கும் வெண்கலப் பெண். பெயர் பெல்லே. 2007-இல் வைக்கப்பட்டது. உலகெங்கும் உள்ள பாலியல் தொழிலாளர்களை மதியுங்கள் என்று கீழே எழுதியிருக்கிறது. இதற்கு முயற்சி எடுத்தவர் மரிஸ்கா மயோர். ஒரு காலத்தில் அங்கேயே ஜன்னலில் வேலை செய்தவர். 1994-இல் தேவாலயத்துக்குப் பக்கத்துச் சந்தில், இந்தத் தொழிலைப் பற்றிக் கூச்சமில்லாமல் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு தகவல் மையத்தையும் தொடங்கினார். மனசில் கேள்வி இருப்பவர்கள், ஜன்னலைத் தட்டி ஆராய்ச்சி செய்யாமல் இப்படிப்பட்ட இடங்களில் கேட்க வேண்டும். திறந்திருக்கும் நாளைப் பார்த்துக்கொண்டு போங்கள். அறைக்குள் எப்படித்தான் இருக்கும் என்ற ஆர்வம் தாங்கவில்லை என்றால், 2014-இல் திறந்த ரெட் லைட் சீக்ரெட்ஸ் என்ற அருங்காட்சியகம் பழைய விபசார விடுதி ஒன்றுக்குள்ளேயே இருக்கிறது. டிக்கெட் வாங்கி உள்ளே போனால், ஜன்னலுக்கு உட்புறம் உட்கார்ந்து தெருவைப் பார்க்க ஒரு இருக்கை வைத்திருக்கிறார்கள். என் நாத்தனார் அதில் உட்கார்ந்து ஒரு நிமிஷத்தில் எழுந்துவிட்டாள். “அண்ணி, எல்லாரும் மூஞ்சியைப் பாக்காம மத்ததெல்லாம் பாக்கறாங்க” என்றாள்.

பார்வை என்றதும் சொல்லியே ஆகவேண்டிய ஒரு பழங்கதை. அங்கிருந்து கொஞ்சம் தெற்கே நடந்தால் ஸ்பின்ஹவுஸ் என்ற கட்டடம். 1597-இல் தொடங்கிய பெண்கள் சீர்திருத்தச் சிறை. பிச்சை எடுத்தவர்கள், திருடியவர்கள், விபசாரம் செய்தவர்கள் என்று பிடித்து வந்து நூல் நூற்க வைத்தார்கள். வாசலில், நான் பழிவாங்க வரவில்லை, நல்வழிப்படுத்தவே வந்தேன், என் கை கடுமை, மனம் கனிவு என்ற பொருளில் ஒரு வாசகம் செதுக்கியிருக்கிறது. அந்தக் காலத்தில் பொதுமக்கள் நுழைவுக் காசு கொடுத்து உள்ளே போய், கம்பிக்குப் பின்னால் நூற்கும் பெண்களை வேடிக்கை பார்க்கலாம். வெளியூர்ப் பயணிகளுக்கு அது ஒரு முக்கியமான காட்சி. ஆம்ஸ்டர்டாமுக்கு வந்து இந்தப் பெண்களைச் சும்மா பார்த்துவிட்டுப் போகிற வழக்கம் நானூறு வருஷப் பழசு என்பது அந்த வாசலில் நிற்கும்போது உறைக்கும். நான் என் விருந்தாளிகளைக் ஜன்னல்களுக்குப் போகும் முன்பே இங்கே கூட்டிவந்து இந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு அவர்கள் ஜன்னல்களைக் கடக்கும் விதமே வேறு.

அரசாங்கத்தின் கதையும் நேர்கோடு இல்லை. 1578-க்கு முன், கத்தோலிக்க ஆட்சிக் காலத்தில், நகர ஷெரீப்பின் ஆட்களே குறிப்பிட்ட சில சந்துகளில் விபசார விடுதி நடத்தும் உரிமையை வைத்திருந்தார்கள். புராட்டஸ்டண்ட் ஆட்சி வந்ததும் தடை. தடை இருந்த காலத்திலும் துறைமுகம் இருந்தது, மாலுமிகள் இருந்தார்கள், தொழிலும் இருந்தது. 1911-இல் விடுதி நடத்துவதைச் சட்டம் மறுபடி தடை செய்தது. ஆனாலும் பிற்காலத்தில் அதிகாரிகள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2000 அக்டோபர் 1-ஆம் தேதி அந்தத் தடையை நீக்கினார்கள். இப்போது உரிமம் பெற்ற இடத்தில், 21 வயது நிறைந்தவர்கள், சுயதொழில் செய்பவர்களாகப் பதிவு செய்துகொண்டு வேலை பார்க்கிறார்கள்.

இதை நான் மாமாவிடம் சொன்னபோது, வணிகவரித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் இல்லையா, நடுத்தெருவில் நின்றுவிட்டார். “அப்போ டேக்ஸ் கட்டறாங்களா?” கட்டுகிறார்கள், வருமான வரியும் உண்டு, நம்மூர் ஜிஎஸ்டி மாதிரி விற்பனை வரியும் உண்டு என்றேன். “அந்த ரேட்டுக்குள்ளயே அடங்கியதா, மேல போடறதா?” என்று அடுத்த கேள்வி. அத்தை அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். சிரிப்பாக இருந்தாலும், அன்று மொத்தக் கூட்டத்திலும் அந்தப் பெண்களை முழுக்கத் தொழில் செய்பவர்களாக மட்டும் பார்த்தவர் மாமாதான் என்று தோன்றியது.

அத்தையின் பார்வை வேறு. ஒவ்வொரு ஜன்னலுக்கும் நின்று, உச்சுக்கொட்டி, “பாவம், யார் பெத்த பொண்ணோ” என்பார். மனசு நல்ல மனசு. ஆனால் இரக்கத்தோடு முறைத்துப் பார்த்தாலும் முறைத்துப் பார்ப்பதுதானே? கண்ணாடிக்கு உள்ளே இருப்பவருக்கு நம் மொழி தெரியாவிட்டாலும் முகம் தெரியும். ஒரு வயதான அம்மா கன்னத்தில் கைவைத்துக்கொண்டு எதிரே நின்றால் அவர் எப்படி வேலை பார்ப்பார்? “அத்தை, நடந்துக்கிட்டே வருத்தப்படுங்க” என்றேன். கோபித்துக்கொள்ளவில்லை.

அத்தையின் கவலையில் உண்மையே இல்லை என்றும் சொல்லமாட்டேன். கட்டாயப்படுத்தி, மிரட்டி, அடித்து இந்த ஜன்னல்களில் நிறுத்திய கும்பல்கள் உண்டு. 2008-இல் அப்படி ஒரு பெரிய கும்பலுக்கு நெதர்லாந்து நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. தொழில் சட்டபூர்வமாக இருந்த காலத்தில்தான் அது நடந்தது. அதே சமயம், நாங்கள் விரும்பித்தான் செய்கிறோம், எங்களுக்காகப் பேசுகிறேன் என்று நீங்கள் கிளம்ப வேண்டாம் என்று சொல்லி, முகமூடி அணிந்து ஊர்வலம் போகிற பெண்களும் இங்கேதான் இருக்கிறார்கள். தெருவில் அரை மணி நேரம் நடந்துவிட்டு இவர் கட்டாயத்தில் இருக்கிறார், அவர் விருப்பத்தில் இருக்கிறார் என்று தீர்ப்பு எழுத யாராலும் முடியாது. நிஜமாகவே தவறாக ஏதோ கண்ணில் பட்டால், நீங்களே தலையிடாதீர்கள். பெயர் சொல்லாமல் தகவல் கொடுக்க 0800-7000 என்ற எண் இருக்கிறது, உள்ளூரில் இலவசம். அவசரம் என்றால் 112.

விலை விசாரிப்பது பற்றி ஒரு வார்த்தை. வாங்கப் போவதில்லை என்று தெரிந்தும், சும்மா நண்பர்களிடம் சொல்லிக்கொள்வதற்காகக் கதவைத் தட்டி “எவ்வளவு?” என்று கேட்டுவிட்டு இளித்துக்கொண்டு ஓடுவது இளைஞர் கூட்டங்களில் அடிக்கடி நடக்கிறது. இதைவிடக் கேவலமான விளையாட்டு அங்கே இல்லை. உள்ளிருந்து ஒருவர் கண்ணாடியைத் தட்டிக் கூப்பிட்டால் லேசாகத் தலையசைத்து, வேண்டாம் என்று காட்டிவிட்டு நடந்தால் போதும். அவர்களும் அடுத்தவரைப் பார்க்கப் போய்விடுவார்கள். திட்டமாட்டார்கள், துரத்தமாட்டார்கள்.

அப்புறம், தமிழில் பேசினால் யாருக்கும் புரியாது என்ற தைரியம். கணவரின் நண்பர்களில் ஒருவன், அக்தர்பர்க்வால் கால்வாயோரம், ஒரு ஜன்னலைப் பார்த்து எழுத முடியாத ஒரு கமெண்ட் அடித்தான். மற்ற இருவர் சிரித்தார்கள். நான் திரும்பிச் சொல்வதற்குள், உணவகத்தின் பின்வாசலில் காய்கறிப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்த ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், பெட்டியைக் கீழே வைக்காமலே சொன்னார்: “தம்பியவை, எனக்குத் தமிழ் விளங்கும். அவையளும் உழைக்கத்தான் நிக்கினம்.” அவ்வளவுதான். பெட்டியோடு உள்ளே போய்விட்டார். எண்பதுகளிலிருந்தே இலங்கைத் தமிழர்கள் இந்த நாட்டில் வந்து குடியேறியிருக்கிறார்கள். சமையலறைகளிலும் ஹோட்டல்களிலும் உழைத்துத்தான் பலர் காலூன்றினார்கள். பையன்கள் அடுத்த இரண்டு தெருவுக்கு வாயே திறக்கவில்லை. நான் அரை மணி நேரம் பேசியிருந்தாலும் அப்படி வேலை செய்திருக்காது.

பணம், போதை, போலீஸ் விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2023 மே மாதத்திலிருந்து அந்தத் தெருக்களில் கஞ்சா புகைக்கத் தடை, பிடித்தால் 100 யூரோ அபராதம். தெருவில் பாட்டிலைத் திறந்து குடிப்பதற்கும் அபராதம் உண்டு. பாலத்தில் நின்று காதோடு “கோக், கோக்” என்று முணுமுணுப்பவர்கள் விற்பது குளிர்பானம் இல்லை. பல சமயம் கொக்கைனும் இல்லை. 2014-இல் கொக்கைன் என்று சொல்லி வெள்ளை ஹெராயினைக் கொடுத்ததில் பிரிட்டிஷ் இளைஞர்கள் இறந்தே போனார்கள். பதில் சொல்லாமல் நடையைக் கட்டுங்கள். பர்ஸ் முன்பாக்கெட்டில் இருக்கட்டும். எல்லாரும் ஒரே பக்கம் வாயைப் பிளந்து பார்க்கும் இடம் ஜேப்படிக்காரர்களுக்குச் சொர்க்கம். கால்வாயில் சிறுநீர் கழிக்காதீர்கள் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுத வேண்டியிருக்கிறது.

குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா என்று கேட்கிறார்கள். சட்டத்தில் தடை இல்லை. அங்கேயே வளரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். என் கருத்து: பகலில், தேவாலயம் பார்க்கப் போகும் வழியில் கடந்து போவதில் தவறில்லை. கேட்டால் “அவங்க அங்க வேலை செய்றாங்க, படம் எடுக்கக் கூடாது” என்று சொன்னால் சின்னப் பிள்ளைகளுக்குப் போதும், அடுத்து ஐஸ்கிரீம் கேட்பார்கள். கண்ணைப் பொத்திக்கொண்டு இழுத்துப் போகிற பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். அப்படிப் பொத்துவது உள்ளே இருக்கும் பெண்ணின் முகத்துக்கு நேரே நடக்கிறது. அப்படிச் செய்ய வேண்டியிருக்கும் என்று தோன்றினால் வேறு தெருவில் போய்விடுவது எல்லாருக்கும் நல்லது. இரவில் மட்டும் வேண்டவே வேண்டாம், நெரிசலே காரணம்.

நான் போகும் வழியையும் சொல்லிவிடுகிறேன். சென்ட்ரலிலிருந்து ஸேடெய்க் தெரு. சைனாக்காரர்களின் கடைகள், நடுவில் 2000-இல் திறந்த பெரிய புத்தர் கோயில். அங்கிருந்து நியூமார்க்ட் சதுக்கம், 1488-ஐச் சேர்ந்த பழைய கோட்டை வாசல். பிறகு அவுட ஹோக்ஸ்ட்ராட் தெருவில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையகம், 1606-இல் கட்டியது, இப்போது பல்கலைக்கழகம். வி.ஓ.சி. என்பது அந்தக் கம்பெனியின் சுருக்கம், நம் கப்பலோட்டிய தமிழர் இல்லை. பழவேற்காட்டுக்கும் நாகப்பட்டினத்துக்கும் உத்தரவு போன இடம் இது என்றால் ஊர்க்காரர்கள் கொஞ்ச நேரம் நின்று பார்ப்பார்கள். மாலுமிகள் இங்கே கூலி வாங்கிக்கொண்டு எந்தத் தெருவுக்குப் போனார்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்து ஸ்பின்ஹவுஸ். அங்கே போன்களைப் பைக்குள் போட்டுவிட்டு அக்தர்பர்க்வால் கால்வாயோரமாக, நிற்காமல், சாதாரண நடை. கடைசியில் பழைய தேவாலயமும் பெல்லேயும்.

நேரம் இருந்தால் வோர்பர்க்வால் கால்வாயோரம் இன்னொரு அதிசயம் பாக்கி இருக்கிறது. வெளியே பார்த்தால் வியாபாரி வீடு. மேல்மாடிக்குப் போனால் பலிபீடம், ஆர்கன், மாடங்களோடு முழுத் தேவாலயம். 1578-க்குப் பிறகு கத்தோலிக்கர்கள் வெளிப்படையாக வழிபட முடியாமல் போனதால் யான் ஹார்ட்மன் என்ற வணிகர் 1663-இல் தன் வீட்டுப் பரணில் கட்டி முடித்தது. எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்கவில்லை. தெருவிலிருந்து பார்த்தால் தெரியக் கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை. 1888-இலிருந்து அருங்காட்சியகம். படிகள் ரொம்பச் செங்குத்து. மூட்டுவலி உள்ளவர்கள் கீழேயே டீ குடிக்கலாம்.

இந்த அமைப்பு இப்படியே இருக்குமா என்பது இப்போது இங்கே பெரிய சண்டை. 2007-இல் ‘1012’ என்ற அஞ்சல் குறியீட்டின் பெயரில் ஒரு திட்டம் கொண்டுவந்து ஏராளமான ஜன்னல்களை மூடினார்கள். மேயர் ஃபெம்கே ஹால்செமா, இந்த நகரத்தின் முதல் பெண் மேயர், 2019-இல் சில யோசனைகளை முன்வைத்தார். ஜன்னல்களுக்குத் திரைபோட்டுவிட்டால் என்ன என்பது அதில் ஒன்று. 2023-இல் விடுதிகளை அதிகாலை ஆறுக்குப் பதில் மூன்று மணிக்கே மூடச் சொன்னார்கள். அதே வருஷம், கூத்தடிக்க மட்டும் வரும் பிரிட்டிஷ் இளைஞர்களைப் பார்த்து “வராதீர்கள்” என்று இணையத்தில் விளம்பரமே செய்தது நகராட்சி. தொழிலில் ஒரு பங்கைத் தெற்கே, யூரோப்பாபுலவார் பக்கம் ஒரு பெரிய கட்டடத்துக்குள் கொண்டுபோவது இப்போதைய திட்டம். அந்தப் பக்கத்துக் குடியிருப்பாளர்கள் வேண்டாம் என்கிறார்கள். அங்கே அலுவலகம் வைத்திருக்கும் ஐரோப்பிய மருந்து முகமையும் வேண்டாம் என்றது. ஜன்னலில் வேலை செய்பவர்களில் பலரும் வேண்டாம் என்கிறார்கள்: கூட்டத்தைக் கிளப்புவது குடிகாரப் பயணிகள், தண்டனை மட்டும் எங்களுக்கா என்பது அவர்கள் கேள்வி. ஆள் நடமாட்டம் உள்ள தெரு பாதுகாப்பு என்றும் சொல்கிறார்கள்.

மாமா இந்த விவகாரத்தை ஊருக்குப் போன பிறகும் விடவில்லை. போன வாரம் போனில் கேட்டார்: “அந்தப் புதுக் கட்டடத்துக்கு லைசன்ஸ் கொடுத்துட்டாங்களாம்மா?” இன்னும் இல்லை மாமா என்றேன். வாடகை யார் நிர்ணயிப்பார்கள் என்று விசாரித்துச் சொல்லச் சொல்லியிருக்கிறார்.